போரில் வாங்காத வீடு

காரைக்கால் கோர்ட்டின் மொழிபெயர்ப்பு அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். வரும் வாரம் நான் புதுச்சேரியில் வேறு நாற்காலியில் இருப்பேன். முப்பதைத் தாண்டியதும் பணி அனுபவம் எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று நம் டைப்பிஸ்ட் சிரிப்பார். சிரிக்கட்டும். ஓய்வு பெற்ற பிறகு எழுதலாம் என்று போனவர்கள் ஒருவரும் எழுதவில்லை. நான் இங்கே வந்து உட்கார்ந்த அன்று எனக்கென்று ஒரு வரி கூட யாரும் விட்டுவைத்திருக்கவில்லை.

எந்த முத்திரை எங்கே விழ வேண்டும், எந்தத் தாள் எந்தக் கோப்புக் கட்டுக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் சில நாட்களில் கைக்குப் பழகிவிடும். அதை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். ஆங்கிலத்தில் கான்க்வெஸ்ட். பிரெஞ்சில் கோங்கெத். பள்ளிக்கூடத்தில் எனக்கு அதற்கு 'வெற்றி' என்று சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். வேலைக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல் என்னை ஒழுங்காக வேலை வாங்கியது.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று. பூவம் கிராமத்தில் எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் நடவும் அறுப்புமாக இருந்தவர்கள். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கட்டைவிரலை நீட்டுவார்கள். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. கேட்டால் சொல்வதற்கும் ஆள் இல்லை. ஆகவே என் கையெழுத்து எனக்கு லேசான பொருள் அல்ல. இதில் கர்வம் தெரிகிறது என்றால் தெரியட்டும்.

முதலில் ஒரு சின்னச் சம்பவம். நான் சேர்ந்த புதிதில் ஒரு பென்ஷன் கோரிக்கை வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒருவர் தன் நண்பருக்கு எழுதிய கடிதம் அதில் சான்றாக இருந்தது. அப்போது இந்த அறையில் எனக்கு முன்னவராக இருந்தவர் அதைத் தமிழில் எழுதி டைப்பிஸ்டிடம் கொடுத்தார். 'நான் புதிதாகக் கைப்பற்றிய நாட்டின் படத்தை இத்துடன் அனுப்பியுள்ளேன்' என்று ஒரு வரி. கடிதத்தோடு ஒரு புகைப்படமும் இருந்தது. பூப்போட்ட குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

டைப்பிஸ்ட் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எந்த நாடு சார்?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "பின்னால மரம் தெரியுது பாருங்க. அதான் நாடு."

"அப்ப முன்னால ஒக்காந்திருக்கறது?"

"அது... அந்த நாட்டுக் குடி."

அறையே சிரித்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பெண்ணின் மனத்தைப் பிடித்துவிட்டாலும் கோங்கெத் என்றுதான் பீற்றிக்கொள்வார்கள். பட்டாளத்துக்காரர் எழுதியது என்றதும் நம்மவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அகராதியைத் திறப்பதற்கு முன்னால், இதை எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எதற்காக எழுதினார் என்று மூன்றையும் என்னையே கேட்டுக்கொள்வேன். அந்த வழக்கம் இல்லாவிட்டால் அடுத்து வந்ததில் நான் தப்பியிருக்க மாட்டேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு வீட்டு வழக்கு வந்தது. வழக்குப் போட்டவர் பிலோமினா அம்மாள். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நம்மூர்ப் பேச்சில் சொல்தா. திருமணமான கொஞ்ச நாளிலேயே சைகோனுக்குப் போய், நடுவில் ஓரிரு முறை விடுப்பில் வந்து, கடைசியில் நிரந்தரமாகத் திரும்பி, சில வருடங்கள் வாழ்ந்து இறந்துபோனார். குழந்தைகள் இல்லை. டவுனில் ஒரு ஓட்டு வீடு. அவர் சைகோனில் இருந்தபோது வாங்கியது. அந்த வீடு முழுக்கத் தன் அண்ணனுடையது, வாரிசு நான்தான் என்று கணவரின் தம்பி சின்னப்பன் வந்து நின்றார். அவர்களைப் போன்ற பட்டாளத்துக் குடும்பங்களுக்குப் பொருந்திய பிரெஞ்சுச் சட்டத்தில், பிள்ளையில்லாத விதவையைவிட இறந்தவரின் உடன்பிறப்புக்குத்தான் உரிமை பலமாக இருந்தது. அந்த அம்மாளுக்குப் பிடிமானம் ஒன்றே ஒன்று: திருமணத்துக்கு முன்னால் இரு வீட்டாரும் நொத்தேரிடம், அதாவது பிரெஞ்சுக் காலத்தில் பத்திரம் எழுதிய அதிகாரியிடம், எழுதிக்கொண்ட ஒப்பந்தம். அதில் வீட்டில் பாதி அவருக்கு உண்டு என்றால் உண்டு. இல்லையென்றால் சின்னப்பன் பார்த்து இருக்கச் சொல்லும்வரை இருக்கலாம்.

ஒப்பந்தம் பிரெஞ்சில். அதற்குப் பிரெஞ்சுக் காலத்திலேயே செய்து முத்திரை வைத்த தமிழ் மொழிபெயர்ப்பும் கூடவே இருந்தது. அதில் முக்கியமான வரி இப்படி இருந்தது: 'திருமணத்துக்குப் பின் கணவனும் மனைவியும் சேர்ந்தோ தனித்தோ போரில் வென்றெடுக்கும் பொருள் அனைத்தும் இருவருக்கும் சரிபாதி.'

சின்னப்பனின் வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொண்டார். போரில் வென்ற பொருளில்தானே பாதி? இந்த வீடு போரில் வென்றதா? விலை கொடுத்து வாங்கியது. ஆகவே பாதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

முத்திரை வைத்த தாள் மடிப்பில் கிழிந்திருந்தது. அலுவலகத்துக்குப் பொறுப்பான சிரஸ்தார் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "இதப் பாத்து ஒரு ஃப்ரெஷ் காப்பி எழுதி, மொழிபெயர்ப்பு சரியானதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடும்மா. நாளைக்கு வாய்தா."

நம் அறையின் வழக்கம் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். ஏற்கெனவே முத்திரை வைத்த மொழிபெயர்ப்பு இருந்தால் மூலத்தைப் பிரிப்பதில்லை. பழையதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது. நானும் அதுவரை அப்படித்தான் செய்துவந்தேன். அன்று பேனாவைத் திறந்தபோது 'மனைவியும்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். எழுதியவர் நொத்தேர். எழுதியது ஒரு மணமகனுக்கும் மணமகளுக்கும். எதற்காக? குடும்பம் நடத்த. கணவன் சண்டைக்குப் போவான், சரி. மனைவி தனித்துப் போரில் வென்றெடுக்கும் பொருள் என்ன? நம் பக்கத்துக் கோட்டுச்சேரியிலிருந்து ஒரு பெண் துப்பாக்கியோடு கப்பலேறுவாள் என்றா நொத்தேர் நினைத்தார்?

மூலத்தைப் பிரித்தேன். அங்கே இருந்த சொல் கோங்கே. கோங்கெத்துக்கு உடன்பிறந்த சொல். என் கையகல அகராதியில் அது இல்லை. நீதிபதி அறை அலமாரியின் அடித்தட்டில் பூச்சி அரித்த பழைய பிரெஞ்சுச் சட்ட அகராதி ஒன்று உண்டு. இப்போதும் இருக்கிறது, பழகிக்கொள்ளுங்கள். அனுமதி வாங்கி எடுத்துப் பார்த்தேன். கோங்கே என்றால் கணவன் மனைவி மணவாழ்க்கையில் ஈட்டிய சொத்து. பரம்பரையாக வந்ததல்ல என்று தெளிவாக இருந்தது. கத்தி, துப்பாக்கி எதுவும் இல்லை.

அந்தப் பக்கத்தில் இன்னும் இருந்ததையும் படித்தேன். வேர் லத்தீன். வெல்லுதல் என்ற சொல் அங்கே வேறு. இது 'தேடு' என்பதிலிருந்து வந்தது. தேடி அடைந்தது, பெற்றது, தன் பாட்டன் விட்டுப்போகாமல் தானே சேர்த்தது. பழைய சட்டத்தில் அவ்வளவுதான். படை கொண்டு தேடி அடைந்ததும் அதில் அடங்கும் என்பதால், நாளடைவில் படைதான் முன்னே வந்து நின்றுவிட்டது. கடல் தாண்டிப் போய் இங்கிலாந்தைப் பிடித்த ஒரு நார்மன் அரசனுக்கு இந்தச் சொல்லே பட்டப்பெயர். ஆனால் பிற்காலத்தில் அந்த நாட்டுச் சட்டக்காரர்கள் சிலர், அந்தப் பட்டத்துக்கு அர்த்தம் வாரிசுரிமை இல்லாமல் நாட்டைப் பெற்றவன் என்பதுதான், அடித்துப் பிடித்தவன் என்பதல்ல என்று வாதாடியிருக்கிறார்கள். நம் காரைக்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரன் தஞ்சாவூர் ராஜாவிடம் விலை பேசியதும் உண்டு, நடுவில் படை வந்ததும் உண்டு. எந்த அர்த்தத்தில் கோங்கெத் என்று கேட்டால் இரண்டிலும் என்றுதான் சொல்ல வேண்டும்.

சிரஸ்தாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"தப்புங்கறியா?"

"ஆமா சார். மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர்ன்னதும் அந்தக் காலத்து ஆளு போர்னு எழுதிட்டாரு."

"அவரு கைப்பட்டது இந்த ரெக்கார்டு ரூம்ல எவ்வளவு இருக்குன்னு தெரியுமா ஒனக்கு? ஒண்ணு தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்டா, தோத்தவன் அத்தனை பேரும் கேஸ் கட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பான். அப்ப நீ வந்து பதில் சொல்லுவியா? ஒனக்கு இன்னும் பர்மனென்ட்டே ஆவல."

அவர் கெட்டவர் இல்லை. அவர் பயந்தது வெறும் பயமும் இல்லை. நான் யோசித்துவிட்டுச் சொன்னேன்: "சார், பழசுல நான் கை வைக்கல. அத அப்படியே எழுதி, நகல்னு போட்டுக் கையெழுத்துப் போடறேன். சரியான மொழிபெயர்ப்புன்னு போடமாட்டேன். மூலத்துலேருந்து புதுசா ஒண்ணு தனியா எழுதி, அதுலயும் கையெழுத்துப் போடறேன். ரெண்டும் கோர்ட்டுக்குப் போவட்டும்."

"ரெண்டு போனா ஜட்ஜ் ஒன்னயக் கூப்புட்டுக் கேப்பாரு."

"கேக்கட்டும் சார்."

"பூவத்துக்காரங்களுக்கு வாய் கொஞ்சம் நீளந்தான்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. லத்தீன் சொல்லின் முன்னால் ஒட்டியிருக்கும் 'கோன்' என்ற துண்டு. லத்தீன் தெரிந்த பாதிரியார் ஒருவரிடம், வழக்கைச் சொல்லாமல் சொல்லை மட்டும் கேட்டேன். "சேர்ந்துன்னும் வரும், முழுக்கன்னும் வரும். இதுல முழுக்கத் தேடுறதுன்னு எடுத்துக்கிறவங்கதான் அதிகம்" என்றார். சேர்ந்து தேடுவது என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். அந்த அம்மாளை அப்போது நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் மனத்துக்குள் ஏற்கெனவே கட்சி சேர்ந்துவிட்டேன். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நமக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

மறுநாள் வராந்தாவில் அவர்கள் இருந்தார்கள். பிலோமினா அம்மாள் ஒல்லியாக, உயரமாக, வெள்ளைப் புடவையில் தூணோடு தூணாக நின்றார். சின்னப்பன் எதிரே பெஞ்சில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"என்னா அண்ணி, சைகோன்ல நீங்க எந்த ரெஜிமெண்ட்டு? மெடல் கிடல் எதும் கொண்டாந்திருக்கீங்களா?"

"நீ எந்த ரெஜிமெண்ட்டுடா? எங்க கல்யாணத்துக்கு மூக்கு ஒழுவ வந்து நின்ன பய, நீ பேசுற."

"சண்டை போட்டது எங்கண்ணன்."

"நான் போடலன்னு ஒனக்கு யாரு சொன்னா? ஓடு மாத்துனப்ப கொத்தனாரோட போட்டேன். கெணறு வெட்டுனப்ப பக்கத்து வூட்டுக்காரனோட போட்டேன். நாலு மாடு வச்சுக் கறந்து ஊத்துனேன், அதுங்களோட டெய்லி போட்டேன்."

என்னைப் பார்த்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார். "நீதான் பிரெஞ்சைத் தமிழ்ல எழுதுற பொண்ணா? நல்லபடியா எழுதியிருக்கியாம்மா?"

"உள்ளத எழுதியிருக்கேங்கம்மா" என்றேன். வழக்கில் உள்ளவர்களோடு அதற்கு மேல் பேசக்கூடாது.

அவருடைய வக்கீல் விடவில்லை. படிக்கட்டில் என்னை மடக்கினார். "அந்தச் சொல்லோட வேர்ல சேர்ந்து தேடுறதுன்னு அர்த்தம் இருக்காமே? யாரோ சொன்னாங்க. அத மட்டும் கூண்டுல சொல்லிடுங்க. சேர்ந்து தேடுனது ரெண்டு பேருக்கும் பாதின்னு கேஸ் முடிஞ்சுரும். அந்தம்மா பாவம்."

"நான் வழக்கைப் பத்திப் பேசக்கூடாதுங்க" என்று ஒதுங்கிப் போய்விட்டேன். ஆனாலும் ஒருமுறை கேட்டுவிட்ட சொல் காதில் நிற்காமலா இருக்கும்?

நீதிபதி தமிழ்நாட்டுப் பக்கத்துக்காரர். பிரெஞ்சு தெரியாது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சத்தியம் செய்தேன். முதலில் சின்னப்பனின் வக்கீல் ஆங்கில அகராதியை விரித்தார்.

"கான்க்வெஸ்ட். முதல் பொருள் என்ன, படியுங்க."

"போரால் நாடு பிடித்தல்."

"முத்திரை வச்ச மொழிபெயர்ப்பும் அதையே சொல்லுது. அத எழுதினவரு பிரெஞ்சுக்காரங்ககிட்டயே வேலை பாத்தவர். நீங்க அவரவிடப் பெரியவங்களா?"

"இல்லைங்க. அவரு பாத்தது மாப்பிள்ளையோட உத்தியோகத்த. நான் பாத்தது ஒப்பந்தத்த."

அடுத்து பிலோமினா அம்மாளின் வக்கீல் எழுந்தார். எதிர்பார்த்ததையே கேட்டார். "இந்தச் சொல்லுக்கு வேர்ப்பொருள், சேர்ந்து தேடுதல். சரிதானே?"

அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று ஒரு சொல். முழுப் பொய்யும் இல்லை. அப்படியும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அறையில் லத்தீன் தெரிந்து என்னை மறுக்கக்கூடியவர் யாரும் இல்லை. அதுதான் என்னை நிறுத்தியது. யாரும் மறுக்க முடியாது என்று தெரிந்துகொண்டு ஒருவர் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் கட்டைவிரல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தேடுதல்ங்கறது உறுதி. சேர்ந்துங்கறது உறுதியில்லைங்க. முழுக்கத் தேடுறதுன்னும் சொல்றாங்க. அப்படிச் சொல்றவங்கதான் அதிகம்."

பிலோமினா அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. சின்னப்பனின் வக்கீல் துள்ளி எழுந்தார். "ஐயா, சாட்சிக்கே அர்த்தம் தெரியல!"

"வேர்ல சந்தேகம் இருக்குங்க ஐயா. சொல்லுல இல்ல" என்றேன். "இந்தப் பத்திரத்த எழுதுன காலத்துல, சட்டத்துல, இந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தந்தான். கல்யாணத்துக்கு அப்புறம் ஈட்டுன சொத்து." சட்ட அகராதியின் பக்கத்தைக் காட்டினேன்.

நீதிபதி அதை வாங்கிப் பார்த்தார். "நாடு பிடிக்கிறதுக்கும் வீடு வாங்குறதுக்கும் எப்படிம்மா ஒரே சொல்லு வரும்?"

"தமிழ்லயும் இருக்குங்க ஐயா. கங்கை வரைக்கும் படை அனுப்புன சோழனுக்குக் கங்கை கொண்டான்னு பேரு. கொண்டான்னா வென்றான். நெல் கொள்முதல் நிலையத்துல இருக்கறதும் அதே 'கொள்'தான். அங்க யாரும் நெல்லோட சண்டை போடறதில்ல, விலை குடுத்து வாங்கறாங்க. பொண்ணு கொண்டான்னா கட்டிக்கிட்டான்."

"அதுல சண்டை உண்டு" என்றார் நீதிபதி. அறை சிரித்தது. பிலோமினா அம்மாள் சிரிக்கவில்லை.

என் மொழிபெயர்ப்பைப் பழையதோடு சேர்த்துக் கோப்பில் வைக்க உத்தரவிட்டார். தீர்ப்பு மழைக்காலம் முடிந்துதான் வந்தது. வீட்டில் பாதி பிலோமினா அம்மாளுக்குச் சொந்தம், மறுபாதி சின்னப்பனுக்கு என்று. மேல்முறையீடு இல்லை. சிரஸ்தார் பயந்தபடி சிலர் பழைய கட்டுகளோடு வந்தார்கள். பிரித்துப் பார்த்தோம். பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. அந்தப் பழைய மனிதர் நல்ல வேலைக்காரர். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு மட்டும் தள்ளிப்போனது. யாரும் காரணம் எழுதவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

சென்ற வாரம் தெரிந்தவர்களிடம் விடைபெறப் போகும் வழியில் அந்த வீட்டைக் கடந்தேன். வழக்கெல்லாம் முடிந்துவிட்டதால் பேசலாம். நடுவில் ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். முன்பாதியில் சின்னப்பன், பின்பாதியில் பிலோமினா அம்மாள். கிணறு பின்பாதியில் விழுந்துவிட்டதால் சின்னப்பன் வீட்டில் தண்ணீருக்கு அண்ணியின் கதவைத்தான் தட்ட வேண்டும். மூப்பு வந்திருந்தாலும் பிலோமினா அம்மாள் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு இத்தனை வருஷமா வச்சிருந்தேன். அன்னிக்கு அந்தச் சேந்துங்கற ஒரு சொல்லச் சொல்லியிருந்தா ஒனக்கு என்னா கொறஞ்சு போயிருக்கும்? நெஞ்சே நின்னுபோச்சு எனக்கு."

"உறுதியாத் தெரியலங்கம்மா. தெரியாதத எப்படிச் சொல்றது?"

அவர் முற்றத்தைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சின்னப்பன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"அதுவும் நெசந்தான்" என்றார். "சேந்து எங்க தேடுனோம்? அவரு அங்க கெடந்தாரு, நான் இஞ்ச கெடந்தேன். அவரு தனியாத் தேடுனாரு, நான் தனியாத் தேடுனேன். வூடு மட்டுந்தான் ஒண்ணா நின்னுச்சு. இப்ப அதுக்கும் குறுக்கால செவுரு."

ஒப்பந்தத்தில் இருந்தது அதுதான். சேர்ந்தோ தனித்தோ. அந்த வரியை எழுதிய நான் அதன் பின்பாதியை அன்றுவரை இப்படிப் படித்ததில்லை.

இந்த அறையில் என் கையெழுத்து விழுந்த தாள்கள் நிறைய இருக்கின்றன. பழைய வழக்கப்படி அவற்றைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடும்படி உங்களிடம் சொல்வார்கள். மூலத்தைப் பிரியுங்கள். என் தமிழ் தவறு என்று தெரிந்தால் அதற்கு நகல் என்று எழுதிவிட்டு, பக்கத்தில் உங்கள் தமிழை வையுங்கள். கீழே உங்கள் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். கூப்பிட்டுக் கேட்பார்கள். கேட்கட்டும்.